பீரியட்ஸைத் தள்ளிப் போடலாமா? மருந்துக்கடை மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். கோயில் திருவிழா, கலியாண முகூர்த்தம், ஓ.எல். ஏ.எல். சோதனை, உம்ராவுக்குப் புறப்படும் குழுக்கள் என்று எது நெருங்கினாலும் ஒரே கேள்விதான் வரும். கடையில் ஆம்பிளைகள் நின்றால், கேட்க வந்த பெண்கள் பனடோல் ஒரு காட் வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். ஆள் குறைந்ததும் கைப்பையிலிருந்து ஒரு வெட்டின குளிசைக் காட்டை எடுத்து நீட்டுவார்கள். பெயர் இருந்த பக்கம் போயிருக்கும், காலாவதித் திகதியும் போயிருக்கும். "இதே குளிசை தாங்கோ." அப்படி வந்தவர்கள் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

"அக்கா, உண்மையா இதைத் தள்ளிப் போட ஏலுமா? உடம்புக்கு ஒண்டும் செய்யாதா?"

ஏலும். ஒவ்வொரு மாதமும் கருப்பையின் உள்ளே ஒரு மெல்லிய படை வளர்கிறது. அதைத் தாங்கி வைத்திருப்பது புரொஜெஸ்டெரோன் என்ற ஓமோன். கரு தங்காவிட்டால் அந்த ஓமோன் குறையும், படை கழன்று இரத்தத்தோடு வெளியே வரும். ஓமோன் குறைகிற நேரத்தில் அதே வேலையைச் செய்யும் மருந்தைக் குளிசையாகக் கொடுத்தால் படை கழலாமல் நிற்கும். குளிசையை நிறுத்தினால் வரும். முழுச் சங்கதியும் இவ்வளவுதான்.

சுகதேகியான ஒரு பெண் எப்போதாவது ஒரு தேவைக்கு இப்படிச் செய்வதால் பெரிய தீங்கில்லை. வயிற்றுப் பிரட்டல், மார்பு நோ, தலையிடி, வயிறு ஊதின மாதிரி இருப்பது, எரிச்சல், மனம் சோர்வது இவையெல்லாம் வரலாம். குளிசையை விட்டதும் போய்விடும். ஆனால் இந்த மருந்தைத் தொடவே கூடாத சிலரும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், அதை வாசிக்காமல் போகாதீர்கள்.

"வராம நிப்பாட்டினா அந்த ரத்தம் எங்க போகும்? உள்ளுக்க கட்டிப் பட்டு விஷமாகாதா?"

அம்மாமார் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பீரியட்ஸ் இரத்தம் எங்கேயோ ஓரிடத்தில் சேர்ந்து வைத்து மாத முடிவில் திறந்துவிடப்படுவதில்லை. படை கழலும்போதுதான் இரத்தமே கசிகிறது. கழலாவிட்டால் தேங்குவதற்கு ஒன்றுமில்லை. மாதக்கணக்காகத் தொடர்ந்து ஓமோன் எடுப்பவர்களில் அந்தப் படை வளர்வதே குறைந்து மெலிந்து போகும். "கெட்ட ரத்தம்" என்று ஒன்று கிடையாது, அதுவும் உடம்பில் ஓடுகிற அதே இரத்தம்தான்.

"அந்தக் குளிசையை எப்ப தொடங்க வேணும்? எத்தனை நாளைக்குப் போடலாம்?"

இங்கே வைத்தியர்கள் பெரும்பாலும் எழுதுவது நோரெதிஸ்டெரோன் 5 மில்லிகிராம். பிரிமோலட் என் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். வழமையான அளவு ஒரு நாளைக்கு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் ஒன்று. பீரியட்ஸ் வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முந்தித் தொடங்க வேண்டும். விட்ட பிறகு இரண்டு மூன்று நாளில் வரும்.

கலண்டரை வைத்துப் பாருங்கள். உங்களுக்கு 20ஆம் திகதி வரவேண்டும், விசேஷம் 25ஆம் திகதியோடு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 17ஆம் திகதி தொடங்கி 25 இரவு வரை போட்டால் ஒன்பது நாள், 27 குளிசை. 27, 28 அளவில் பீரியட்ஸ் வரும். இரண்டு கிழமைக்கு மேல் இழுக்கத் தேவையென்றால் அதை வைத்தியரிடம் முன்னரே சொல்லுங்கள். நீளப் போடப் போட இடையில் பொட்டுப் பொட்டாக இரத்தம் படும் வாய்ப்பும் கூடும்.

நேரம் தவறாமல் போடுவது முக்கியம். காலை, பகல், இரவு என்று சாப்பாட்டோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. நாள் முழுக்க விட்டுவிட்டு இரவில் மூன்றையும் ஒன்றாக விழுங்குகிறவர்கள் உண்டு. அது பலன் தராது, வயிற்றைப் பிரட்டுவதுதான் மிச்சம்.

"நாளைக்குக் கோணேசர் கோயிலுக்குப் போகோணும். இண்டைக்குப் போட்டா நிக்குமா?"

நாளை மறுநாள் வர இருந்தால், ஓரளவு வாய்ப்பு இருக்கிறது, உறுதி இல்லை. இன்றைக்கே வர இருந்தால் அனேகமாக வந்துவிடும். ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் ஒரு குளிசையோடு குழாயைப் பூட்டின மாதிரி நிற்காது. அளவுக்கு மீறிப் போகும் இரத்தத்தை நிறுத்த வைத்தியர்கள் இதே மருந்தைக் கொடுப்பது உண்மை. அதற்கும் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், பிறகு பல நாள் தொடர்ந்து போடவேண்டும். ஒரு பூசைக்காக அந்த வழியில் இறங்குவது வீண் வேலை.

முதல் நாள் வந்து நிற்பவர்களிடம் நான் பெரும்பாலும் "அடுத்த முறைக்குத் திகதியோடு வாங்கோ" என்றுதான் சொல்லி அனுப்புகிறேன்.

"தேசிக்காய்ச் சாறு, வினாகிரி குடிச்சா பிந்துமாம். பப்பாசி, எள்ளு சாப்பிட்டா முந்துமாம். மெய்யே?"

இல்லை. தேசிக்காயும் வினாகிரியும் ஓமோனைத் தொடுவதில்லை. வெறும் வயிற்றில் குடித்து வயிறு எரிய எரியக் கடைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பப்பாசி, அன்னாசி, எள்ளுருண்டை சாப்பிட்டு மறுநாள் வந்தால், அது எப்படியும் வர இருந்ததுதான். ஐந்தாறு நாள் முன்பின்னாக வருவது பலருக்கு இயல்பு. அதனால்தான் இந்த வைத்தியங்கள் பலித்த மாதிரித் தெரிகின்றன.

வலிக்குப் போடும் இபுபுரோபன், மெஃபனமிக் அசிட் குளிசைகள் இரத்தப் போக்கைக் கொஞ்சம் குறைக்கும். தள்ளிப்போட அவற்றை நம்ப முடியாது. கஸ்ரிக், ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம்.

"மச்சாளும் இதைத்தான் போட்டவ, அவவுக்கு ஒண்டும் செய்யேல்லை. சிட்டை இல்லாமத் தாங்கோவன்."

தரமாட்டேன். இது மருந்துச் சிட்டைக்குக் கொடுக்கவேண்டிய மருந்து. சட்டத்தை விடவும் எனக்குப் பயம் இன்னொன்று. நோரெதிஸ்டெரோனின் ஒரு சிறு பங்கு உடம்பில் ஈஸ்ட்ரஜனாக மாறுகிறது. ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் போடும்போது, இரத்தம் கட்டிபடும் இயல்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தக் கட்டி வந்தவர்கள், குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது அப்படி வந்திருப்பவர்கள், மாரடைப்பு, பாரிசவாதம் கண்டவர்கள், ஈரல் நோய், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், காரணம் தெரியாமல் இரத்தம் படுகிறவர்கள், பிள்ளை தங்கியிருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள், இவர்களெல்லாம் வைத்தியரிடம் வாய்திறந்து சொல்லவேண்டும். சிலருக்கு வேறு ஓமோன் குளிசை எழுதுவார், சிலருக்கு வேண்டாம் என்பார். வலிப்புக்குக் கார்பமசபின், பினிடோயின் போடுபவர்களும் காசநோய்க்கு ரிபாம்பிசின் எடுப்பவர்களும் அதையும் சொல்ல வேண்டும், அந்த மருந்துகள் இதன் பலனைக் குறைக்கும். மச்சாளுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை என்பதால் உங்களுக்கும் இல்லை என்று ஆகாது.

குளிசை போடும் காலத்தில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால், நெஞ்சு நோ, மூச்சு முட்டல், திடீரென்று பார்வை மங்கல், ஒரு பக்கம் விறைப்பு வந்தால், குளிசையை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். "பஸ்ஸில் இருந்து வந்த கால் வீக்கம்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

"நான் மிதுரி போடுறன். எனக்கும் வேற குளிசை வேணுமா?"

வேண்டாம். மிதுரி என்பது கர்ப்பத்தடைக்குப் போடும், இரண்டு ஓமோன் கலந்த கலப்பு ஓமோன் குளிசை. உங்கள் கையில் இருப்பதே போதும். 28 குளிசை உள்ள காட்டில் 21இல் தான் ஓமோன். கடைசி வரிசையில் வேறு நிறத்தில் இருக்கும் ஏழில் ஓமோன் இல்லை, அந்த நாட்களில்தான் உங்களுக்கு இரத்தம் வருகிறது. அந்த ஏழையும் விட்டுவிட்டு, 21 முடிந்த மறுநாளே புதுக் காட்டின் முதல் ஓமோன் குளிசையைத் தொடங்கினால் அந்த மாதம் வராது. கர்ப்பத்தடையும் குறையாது.

அந்த ஏழு நாள் இரத்தமும் உண்மையான பீரியட்ஸ் அல்ல, ஓமோன் நின்றதால் வருவது. மாதாமாதம் அது வந்தே ஆகவேண்டும் என்ற மருத்துவக் கட்டாயம் இல்லை. இரண்டு மூன்று காட்டைத் தொடர்ந்து போட வைத்தியர்களே சொல்வதுண்டு.

"எனக்கு அடுத்த மாசம் கலியாணம். சரியா அந்தக் கிழமைதான் வரும் போல."

மணப்பெண்ணுக்கு இரண்டு வழி. ஒன்று மேலே சொன்ன மூன்று நாள் கணக்கு. ஆனால் தள்ளிப்போடுவதற்குப் போடும் நோரெதிஸ்டெரோனைக் கர்ப்பத்தடையாக நம்பக்கூடாது. புதுத் தம்பதிக்கு இது அற்ப விஷயமில்லை.

உடனே பிள்ளை வேண்டாம் என்று இருவரும் நினைத்தால் கலப்பு ஓமோன் குளிசையே நல்லது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அதை முந்திய பீரியட்ஸ் வரும் முதல் நாளில் தொடங்கி, 21 முடிந்ததும் மேலே சொன்ன மாதிரி அடுத்த காட்டுக்குத் தாவலாம். இரண்டு மூன்று மாதம் முந்தியே தொடங்கினால் முதல் மாதத்துப் பிரட்டலும் பொட்டு இரத்தமும் தாலி கட்டும் நாளுக்கு முன் அடங்கிவிடும். கண்ணில் மின்னல் வெட்டுகிற மாதிரித் தொடங்கும் ஒற்றைத் தலைவலி, கூடின பிரஷர் இருந்தால் இந்த வகை வேண்டாம். எந்தப் பகுதியிலும் குடும்பநல மருத்துவிச்சியிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்கிலும் இதைக் கேட்கலாம், காசு இல்லை. கலியாண வீட்டில் ஆயிரம் வேலை என்று இதைக் கடைசியாக வைக்கிறார்கள், சாறி பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் அன்றைக்கே இதையும் பார்த்துவிடுங்கள்.

"மகளுக்குப் பதினாலு வயசு. ஸ்போர்ட்ஸ் மீட் வருது. குடுக்கலாமா?"

சாமத்தியப்பட்டு முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு வட்டம் ஒழுங்காக இருக்காது. எப்போது வருமென்று தெரியாத ஒன்றுக்கு மூன்று நாள் முந்தி என்று எப்படிக் கணக்குப் போடுவது? அதனால் பெரும்பாலும் குளிசையில் பயனில்லை. ஓட்டப்போட்டிக்கு நல்ல பாட் ஒன்று, மேலே இறுக்கமான காற்சட்டை, வலி இருந்தால் சாப்பிட்ட பிறகு வலிக்குளிசை, இவையே போதும்.

ஏ.எல். எழுதுகிற பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் வாந்தியும் வயிற்று நோவுமாகக் கட்டிலோடு கிடப்பு என்றால் அது வேறு கதை. அதைச் சோதனைக்கு முதல் கிழமை யோசிக்காமல் ஆறு மாதம் முந்தி வைத்தியரிடம் காட்டுங்கள். வலிக்கே மருந்து இருக்கிறது.

"மிஸ், நாங்க கிண்ணியாவிலிருந்து உம்ராவுக்குப் போறம். தவாஃப் செய்யேக்க ஹைழ் வந்திடக்கூடாது."

பயணம் இரண்டு கிழமைக்குள் என்றால் நோரெதிஸ்டெரோன் பெரும்பாலும் பொருந்தும். ஏஜென்சி திகதி சொன்ன அன்றைக்கே கடைசி மூன்று மாதத்துத் திகதிகளையும் எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். முடிந்தால் பயணத்துக்கு முந்திய ஒரு மாதத்தில் சில நாள் போட்டுப் பார்க்கச் சொல்வார், உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். விமானத்தில் நீண்ட நேரம் இருக்கையில் தண்ணீர் குடியுங்கள், எழுந்து நடவுங்கள். இரத்தக் கட்டி பற்றி முன்பு எழுதியது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். சிட்டையின் பிரதியும் முழுக் காட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

நோன்புக்கும் கேட்கிறார்கள். பகலில் விழுங்க முடியாததால் மூன்று வேளைக் கணக்கு இடிக்கும். ஒரு நாளைக்கு ஒன்று போடும் கலப்புக் குளிசை இரவில் போடலாம், ஆனால் அதை முதலே தொடங்கியிருக்கவேண்டும். விட்ட நோன்பைப் பிறகு கழாச் செய்ய மார்க்கத்திலேயே இடமிருக்கிறது. பொட்டு இரத்தம் பட்டால் என்ன சட்டம் என்பதை ஆலிம்மாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"கதிர்காமத்துக்கு நடந்து போறம். முழு யாத்திரைக்கும் நிக்கிற மாதிரித் தர ஏலாதா?"

இங்கிருந்து வெருகல், மட்டக்களப்பு, உகந்தை என்று நடந்து குமண, யால காட்டுக்குள் இறங்கிப் போவதற்கு வாரக்கணக்காகும். அவ்வளவு நாளைக்கு ஒரு நாளைக்கு மூன்று நோரெதிஸ்டெரோன் போட நான் சொல்லமாட்டேன். கலப்பு ஓமோன் குளிசையைத் தொடர்ந்து போடுவது நடக்கும், அதற்கும் இரண்டு மூன்று மாதம் முந்தித் தொடங்கவேண்டும். வெயிலில் நடந்து உடம்பில் நீர் வற்றும்போது இரத்தம் தடிக்கும். காட்டுக்குள் ஆஸ்பத்திரி இல்லை, கடையும் இல்லை. நாற்பது தாண்டியவர், பிரஷர் உள்ளவர் என்றால் இன்னும் யோசிக்கவேண்டும்.

"துடக்கோட கோயிலுக்குப் போகாம இருக்க இப்பிடி மருந்து போடுறது சரியோ, பிழையோ?"

உங்கள் விருப்பம். போகாமல் நிற்பதும், குளிசை போட்டுப் போவதும், இதொன்றும் துடக்கில்லை என்று போவதும் உங்கள் வீட்டு விஷயம். ஒன்றே ஒன்று: போடுகிறவ நீங்களாக முடிவெடுத்திருக்க வேண்டும். மருமகளுக்குத் தெரியாமல் மாமி வந்து குளிசை கேட்டால் நான் கொடுப்பதில்லை. விழுங்கப் போகிறவவை ஒருக்கால் கூட்டிவரச் சொல்வேன்.

"குளிசை விட்டுப் பத்து நாளாச்சு, இன்னும் வரேல்லை."

முதலில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டி ஒன்று வாங்கிக் காலைச் சிறுநீரில் பாருங்கள். கலியாணக் கேள்வியில் சொன்னதுபோல் இது கர்ப்பத்தடை அல்ல. இல்லை என்று காட்டினால் இன்னும் ஒரு கிழமை பொறுத்து மறுபடி பாருங்கள், அப்போதும் வராவிட்டால் வைத்தியரிடம் போங்கள். வந்த பிறகு ஒருமுறை சற்றுக் கூடுதலாகப் போகலாம், பயப்படத் தேவையில்லை. பிள்ளைப்பேற்றையும் இது பின்னால் கெடுக்காது.

"மூன்று மாச ஊசி போட்டு ஒரு வருசமாகுது. இப்ப வாறதே இல்லை. ஏதும் பிழையோ?"

மூதூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் அதிகம் கேட்பது. பிழையில்லை. டெப்போ என்ற இந்தக் கர்ப்பத்தடை ஊசி போடுபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரு வருடத்துக்குள் முற்றாக நின்றுவிடும். இரத்தம் எங்கே போகிறது என்ற பயத்துக்கு இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். தொடக்க மாதங்களில் மட்டும் தாறுமாறாகப் படும். இதனாலேயே ஒரு திருவிழாவுக்காக ஊசி போடுவது மோசமான யோசனை, நிற்கிறதுக்குப் பதில் நாள் முழுக்கச் சொட்டலாம்.

கடைசி ஊசிக்குப் பிறகு பிள்ளை தங்கச் சில வேளை ஒரு வருடம் வரை பிந்தும். அடுத்த வருடம் பிள்ளை வேண்டும் என்றிருப்பவர் வேறு முறையைக் கேளுங்கள். நீண்ட காலம் போட்டால் எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

"எனக்கு நாற்பத்திரண்டு. பிள்ளைகள் போதும். இந்தக் கரைச்சலே வேண்டாம், ஒரேயடியா நிப்பாட்ட வழி இல்லையா?"

இருக்கிறது, ஆனால் முதலில் ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று பார்க்கவேண்டும். மணிக்கொரு பாட் மாற்றுகிறீர்களா, கட்டி கட்டியாக விழுகிறதா, படியேற மூச்சு வாங்குகிறதா? அப்படியென்றால் கருப்பையில் வரும் ஃபைப்ரோயிட் கட்டியோ வேறு காரணமோ இருக்கலாம், இரத்தச் சோகையும் இருக்கும். அதை நிறுத்தக் குளிசை கேட்டு வரவேண்டாம், ஸ்கான் பண்ணிப் பார்க்கவேண்டும். இரத்தம் கூடப் போகும் நாட்களில் மட்டும் போடும் டிரனெக்சமிக் அசிட் போக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். தள்ளிப் போடாது.

கர்ப்பத்தடைக்குக் கருப்பைக்குள் வைக்கும் லூப்பில் ஓமோன் உள்ள வகை ஒன்று இருக்கிறது. ஒருமுறை வைத்தால் பல வருடம் வேலை செய்யும், போக்கு மிகவும் குறையும், ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முற்றாக நிற்கும். கிளினிக்கில் காசில்லாமல் வைக்கும் செப்பு லூப் அது அல்ல. செப்பு லூப்பில் இரத்தம் கூடத்தான் செய்யும். இந்த வித்தியாசம் தெரியாமல் "லூப் வச்சும் நிக்கேல்லை" என்று வருபவர்கள் நிறைய. கருப்பையை எடுப்பது மற்ற வழிகள் சரிவராதபோது பேசவேண்டிய விஷயம்.

"என்ர மகளுக்குப் பதினாறு வயசு, புத்தி வளர்ச்சி குறைவு. பாட் வச்சா கழற்றி எறியிறாள். கருப்பையை எடுத்துவிடச் சொல்லுறாங்க."

இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மாமாருக்கு ஒரு கதிரை போட்டு இருத்திவிட்டுத்தான் பதில் சொல்வேன். கருப்பையை எடுப்பது பெரிய சத்திர சிகிச்சை, திரும்பக் கொண்டுவர முடியாதது. பாட் மாற்றும் கஷ்டத்துக்கு அது முதல் தீர்வு அல்ல. தொடர்ந்து போடும் ஓமோன் குளிசை, மேலே சொன்ன ஊசி, மயக்க மருந்து கொடுத்து வைக்கக்கூடிய ஓமோன் லூப் என்று படிப்படியாக வழிகள் இருக்கின்றன. வலிப்புக்கு மருந்து எடுக்கிற பிள்ளையென்றால் எது பொருந்தும் என்பது மாறும். நடமாட்டம் குறைந்த பிள்ளைக்கு எலும்பையும் இரத்தக் கட்டியையும் யோசிக்கவேண்டும்.

மகளிர் நோய் விசேட வைத்திய நிபுணரைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பார்க்கலாம். மகளையும் கூட்டிப் போங்கள், அவளுக்கு விளங்குகிற அளவுக்கு அவளிடமும் சொல்லச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் பாட்டுக்குப் பதில் தடித்த உள்ளாடை மாதிரித் தைத்த பீரியட் பான்டியைக் கழற்றுவதில்லை, அதையும் ஒருமுறை முயன்று பாருங்கள். போகும்போது அவள் எடுக்கும் எல்லா மருந்துகளின் காட்டையும், பெயரும் திகதியும் வெட்டுப்படாமல், ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.